ஷட்டர் டாக்டர் கொடுத்த புகார்

எங்கள் ஷட்டர் டாக்டரை எனக்குப் பிடிக்காது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. 'என்ன இருந்தாலும் உள்ளுக்குள்ளே ஒரு மரியாதை இருந்திருக்கும்' என்று எனக்காக யாரும் உருக வேண்டாம். பதினாறு வருஷமாக அவர் கத்தி கேட்டால் கத்தி, நூல் கேட்டால் நூல் என்று எடுத்துக் கொடுத்த ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான், கத்தியும் நூலும்.

ஷட்டர் என்று பெயர் வைத்தது நானில்லை, அவருடைய கூட்டாளி டாக்டர்கள். கண் டாக்டர்களுக்குள்ளும் மேல்படி கீழ்ப்படி உண்டு. படிப்பில் முதலில் வந்தவர்கள் விழித்திரைக்குப் போவார்கள், அடுத்து வந்தவர்கள் கண்புரைக்குப் போவார்கள். இமையும், கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியும், யாரும் எடுக்காமல் மிச்சம் கிடக்கிற பாடம். இவர் அரை மார்க்கில் விழித்திரையைக் கோட்டைவிட்டவர். கண் டாக்டர், ஆனால் கண்ணுக்குள்ளே கை வைக்க மாட்டார், ஷட்டரை ஏற்றுவார், ஷட்டரை இறக்குவார் என்று கேலி பேசினார்கள். அது அவர் காதுக்கும் போனது. போன அரை மார்க்கை அன்றிலிருந்து எங்கள் தலையில் இறக்கிக்கொண்டிருந்தார்.

வேலை தெரியாதவராக இருந்திருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வேலை தெரிந்தவர், அதுதான் எரிச்சலே. கண்ணுக்குப் பின்னால் வளர்ந்த கட்டியைப் பார்வை நரம்பில் ஒரு கீறல் விழாமல் வெளியே எடுத்து வைப்பார். பந்து பட்டு உடைந்த குழிக்குத் தகடு வைத்து, அமுங்கிப்போன கண்ணை இருந்த இடத்திலேயே நிறுத்துவார். அவருடைய அப்பா நிலம் அளக்கிற ஆபீசில் அளவுச் சங்கிலி பிடித்தவராம். பையனுக்கு அந்தச் சங்கிலியும் தேவைப்படவில்லை. இமையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை வெறும் கண்ணால் சொல்வார். கருவித் தட்டில் ஸ்கேல் வைத்தால் கோபம் வரும். ஸ்கேலெல்லாம் படிக்க வந்தவங்களுக்கு, எனக்கு எதுக்கு என்பார்.

இறங்கிப்போன இமையைத் தூக்குகிற ஆபரேஷனில் ஒரு விசேஷம் உண்டு. நோயாளியை மயக்க மாட்டார்கள். இமையை மட்டும் மரக்கச் செய்து, உள்ளே இருக்கும் தசையை இழுத்து நூல் போட்டு, பாதி ஆபரேஷனில் ஆளை எழுப்பி உட்கார வைப்பார்கள். படுத்திருக்கும்போது எல்லா இமையும் ஒழுங்காகத்தான் தெரியும், உட்கார்ந்தால்தான் குட்டு வெளிப்படும். இரண்டு இமையும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, நூலை இறுக்கவோ தளர்த்தவோ செய்து, அதற்கப்புறம்தான் முடிச்சு. தாழ்ந்தால் பார்வையை மறைக்கும், உயர்ந்தால் கண் மூடாமல் காய்ந்து புண்ணாகும்.

அந்த உட்காரும் நேரத்துக்கு எங்கள் டாக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் தியேட்டரில் இருக்கிற எல்லோரும் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். எதிரே ஒரு முகம் அசைந்தால் நோயாளியின் பார்வை அதன் பின்னால் போகும், பார்வை போனால் இமையும் போகும். இதில் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் நின்றும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது. "இந்த ரூம்ல கண்ணு என்னுது மட்டும்தான்" என்பார். என்னோடு வேலைக்குச் சேர்ந்த உதவியாளர் ஒருத்தி, என் சினேகிதி, ஒரே ஒரு முறை கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டாள். மறுநாள் துணி மடிக்கிற அறைக்கு அனுப்பப்பட்டாள். மூன்று மாதம் விரிப்பு மடித்துவிட்டு வேலையையே விட்டுப் போனாள்.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. என் அப்பா இறந்த சேதி வந்தது ஒரு ஆபரேஷன் நடுவில். வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து சொன்னாள். மாற்று ஆள் பக்கத்து அறையில் சும்மாதான் இருந்தாள். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"செத்தவர் காத்திருப்பார். இது காத்திருக்காது. நூல்."

நூல் கொடுத்தேன். ஐம்பது நிமிஷம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். முகமூடிக்குள் கண்ணீர் இறங்கி உதட்டில் கரித்தது. திரும்பி வேலைக்கு வந்த நாளில், 'போயிட்டு வந்தியா' என்றுகூட அந்த மனுஷன் கேட்கவில்லை.

பழிவாங்க எனக்குப் பெரிதாக வழி ஒன்றும் இல்லை. சின்னதாக ஒன்று செய்தேன். எங்கள் தியேட்டர் சின்ன அறை. கட்டிலின் கால்மாட்டுக்கு நேர் எதிரே கருவி அலமாரி, கண்ணாடிக் கதவு போட்டது. உள்ளே இருட்டு, மேலே நோயாளியின் முகத்தில் விளக்கு. தலைமாட்டுக்குப் பின்னால் நல்ல பிள்ளையாக நிற்கும் எனக்கு, அந்தக் கதவில் நோயாளியின் முகம் பளிச்சென்று தெரியும். கண்ணாடியில் வலது இடதாக இருக்கும், கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன், இடது அரை தாழ்வு, வலது ஒன்று ஏற்றம் என்று. முதல் வருஷம் முழுக்கத் தப்பு. மூன்றாவது வருஷம் பாதி சரி. அதற்குப் பிறகு அவரும் நானும் சேர்ந்தே சொன்னோம், அவர் வாயால், நான் வாயை மூடிக்கொண்டு. பதினாறு வருஷம் திருட்டுத்தனமாகப் படித்த படிப்பு.

போன வருஷ ஆரம்பத்தில் அவர் ஆபரேஷன் எல்லாவற்றையும் காலை நேரத்துக்கு மாற்றினார். பத்தரைக்கு மேல் கத்தியைத் தொடுவதில்லை. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். பிறகு பார்த்தால், நடக்கும்போது மோவாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார், தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து. அகம்பாவம் முற்றிப்போய் கழுத்துக்கு ஏறிவிட்டது என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆள் மோவாயைத் தூக்கிப் பார்த்தால் முதலில் அவன் இமையைப் பார் என்று எத்தனை மாணவர்களிடம் இவர் எரிந்து விழுந்திருக்கிறார், நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஒரு மத்தியானம் ஓய்வறைக்குள் போனேன். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, ரப்பர் கையுறையின் விரலை வெட்டி அதில் ஐஸ் போட்டு முடிந்து, தன் இடது கண் மேல் வைத்துக்கொண்டிருந்தார். இது எங்கள் வெளி நோயாளி அறையில் தினமும் நடக்கிற பரீட்சை. காலையில் நன்றாக இருந்து பொழுது ஏற ஏற இறங்குகிற இமையில் ஐஸை இரண்டு நிமிஷம் வைப்பார்கள். எடுத்ததும் இமை தானாக மேலே ஏறினால், கோளாறு இமையில் இல்லை. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகிற வியாதி அது. மாத்திரைதான் கொடுக்க வேண்டும். இரண்டு கண்ணும் ஒத்துப்போகாமல் ஒரு பொருள் இரண்டாகவும் தெரியும்.

அவர் ஐஸை எடுத்தார். இமை ஏறியது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா?"

கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். பொய் சொல்வானேன், அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலைந்து நாள் கழித்து அவர் மனைவி என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கான்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, டீயைத் தொடாமல், பரீட்சைத் தாளைத் திருத்துகிற முகத்தோடு பேசினார். ராத்திரி சாப்பிடும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் சாப்பிடுகிறாராம். மாடிப்படியில் இரண்டு தடவை கால் தவறியிருக்கிறது. மகள் போனில் கேட்டதற்குப் போனையே வைத்துவிட்டார். நரம்பு டாக்டரிடம் போனால் ஆஸ்பத்திரி ரிக்கார்டில் ஏறும், ரிக்கார்டில் ஏறினால் கத்தியை வாங்கிவிடுவார்கள், அதனால் மாத்திரையும் கிடையாது. வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது என்றார். நீங்களே நேராக ஆஸ்பத்திரி டைரக்டரிடம் சொல்லுங்களேன் என்றேன்.

"நான் சொன்னா அவர் என் முகத்துலயே முழிக்க மாட்டார். நான் அவரோட இருந்தாகணும் சிஸ்டர். உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே. நீங்க சொன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நல்ல கணக்கு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் எனக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டு, இப்போது தேவைக்கு வாயைக் கடன் கேட்க பெண்டாட்டியா? இமை டாக்டருக்கு அவர் இமை தெரியாதா, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மனசுக்குள் வேறு சொன்னேன். ஒரு நாள் ஒரு இமையைக் கோணலாக வைப்பார். நோயாளி புகார் கொடுப்பார். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா நின்றால் போதும். அரை மில்லிக்காரர் தன் மில்லியாலேயே கவிழட்டும்.

அந்த ஒரு நாள் சீக்கிரமே வந்தது. நாற்பத்தொரு வயசு, பஸ் ஓட்டுகிற பெண். இரண்டு இமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன. மூன்று வாரத்தில் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை. போன முறையே எச்சரித்து அனுப்பியிருந்தார்கள், இந்த முறை தவறினால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிப்போவில் பஸ் கழுவப் போடுவார்கள். அந்தம்மாவே சொன்னாள். டிப்போவில் எல்லா ஆம்பளைகளும் அதற்காகத்தான் காத்துக் கிடக்கிறார்கள் என்றும் சொன்னாள். இமை சரியாக அமையாவிட்டால் மறுபடி திறக்க மாதக்கணக்காகும். மூன்று வாரத்துக்குள் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

அன்று காலையில் நான் தட்டு அடுக்கும்போது, சின்ன ஸ்டீல் ஸ்கேலை ஓரத்தில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று சத்தியமாக இன்றுவரை தெரியவில்லை. அவர் வந்ததும் அதைத்தான் பார்த்தார். இது யாருக்கு என்றார். நான் அடுத்த கருவியை எடுத்து அடுக்கினேன்.

முதல் ஆபரேஷன் இழுத்துவிட்டதால் இவளைத் தொடவே பத்தே முக்கால் ஆகிவிட்டது. அவருடைய விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை, தசையைப் பிடித்ததும் நூல் போட்டதும் எப்போதும் போலத்தான். பதினொன்றே காலுக்கு அவளை உட்கார வைத்தோம். நாங்கள் எல்லோரும் சட்டப்படி தலைமாட்டுக்குப் பின்னால் போனோம். அவர் கால்மாட்டில் ஓரமாகப் போய் நின்றார். மோவாயைத் தூக்கினார், தலையைச் சாய்த்தார். அவருடைய இடது இமை கருவிழியில் பாதியை மூடியிருந்தது. சாய்ந்த தலைக்கு உலகமே சாய்ந்துதான் தெரியும்.

"சரியா இருக்கு. படுக்க வை."

கண்ணாடிக் கதவில் பார்த்தேன். அவளுடைய வலது இமை தாழ்வு. அரை அல்ல, ஒன்று அல்ல, ஒன்றரை. பச்சையாகத் தெரிந்தது.

ஆசைப்பட்டது நடந்தேவிட்டது. இதோ, நான் சும்மா நின்றால் போதும். முடிச்சு விழும், கட்டு போடுவோம், பரிசோதனையில் அவள் தவறுவாள், புகார் வரும், இவர் கதை முடியும். என் சினேகிதி மடித்த விரிப்புகளுக்கும் என் அப்பாவுக்கும் சேர்த்து முடியும். அவள் பின்தலை என் முன்னால் இருந்தது. பச்சைத் தொப்பிக்குக் கீழே கழுத்து முறுக்கிக்கொண்டு நின்றது, வருஷக்கணக்காக மோவாயைத் தூக்கி ரோட்டைப் பார்த்த கழுத்து. இவள் என்னுடைய கணக்கில் எங்கே வந்தாள் என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

"வலது தாழ்வா இருக்கு டாக்டர். ஒன்றரை."



"யார் பார்த்தது?"

"நான்தான். அலமாரிக் கண்ணாடியில தெரியுது."

அவர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். அதில் தன் முகத்தையும் பார்த்திருப்பார். பிறகு என்னைப் பார்த்தார், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"வெளியே போ."

"போறேன். அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க, போறேன்." ஸ்கேலை எடுத்து நீட்டினேன்.

உட்கார்ந்திருந்தவள் நேரே பார்த்தபடியே வாயைத் திறந்தாள். "என் கண்ணைப் பத்தித்தானே பேசிக்கிறீங்க? எனக்கும் கொஞ்சம் சொன்னா நல்லா இருக்கும்."

அவர் ஸ்கேலை வாங்கினார். பதினாறு வருஷத்தில் முதல் தடவை. தன்னுடைய இடது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவள் முகத்துக்கு அருகே போய், இடதை அளந்தார், வலதை அளந்தார். மறுபடி வலதை அளந்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அவளைப் படுக்க வைத்து, வலது நூலைத் தளர்த்தித் தசையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். உட்கார வைத்தோம். நான் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"இப்போ?"

யாரைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அரை ஏறிடுச்சு."

மறுபடி படுக்கை, மறுபடி நூல், மறுபடி உட்கார வைத்தோம்.

"இப்போ?"

"சரி."

ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு முடிச்சு போட்டார். கை கழுவும் இடத்தில் அவர் பக்கத்துக் குழாயில் நான் போய் நின்றேன். எனக்குப் பயம் விட்டுப்போயிருந்தது, கோபம் மட்டும் பாக்கி.

"உங்க இடது இமை மூணு மில்லி இறங்கியிருக்கு டாக்டர்."

"மூணரை," என்றார், குழாயை மூடிக்கொண்டே. "இத்தனை வருஷமா அந்தக் கண்ணாடியில பாத்துட்டுத்தான் இருந்தியா?"

"ஆமா."

"திருட்டுப் பார்வை."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக் கூடையில் எறிந்துவிட்டுப் போனார். நன்றி எதிர்பார்த்தாயா என்றால், இல்லை. ஆனால் திருட்டுப் பார்வை என்ற வார்த்தையை நினைத்து வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிற மாதிரி கழுவினேன்.

மறுநாள் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் இரண்டு கடிதங்கள், இரண்டும் ஷட்டர் டாக்டர் கையெழுத்தில். முதல் கடிதம் மூன்று வரி. தனக்கு இன்ன வியாதி, அறுவை சிகிச்சை செய்யத் தகுதியில்லை, இன்று முதல் கத்தியைத் தொடப்போவதில்லை, நோயாளிகளை வேறு டாக்டருக்கு மாற்றவும். டைரக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாவது கடிதம் என்மேல் புகார், ஒரு முழுப்பக்கம். தியேட்டர் ஒழுங்கை மீறியது. அலமாரிக் கதவு வழியாக நோயாளியை அனுமதியின்றிப் பார்த்தது. கேட்காமல் கருவித் தட்டில் ஸ்கேல் வைத்தது. வெளியே போகச் சொல்லியும் போகாதது. எல்லாவற்றையும் தேதி, மணி, நிமிஷத்தோடு எழுதியிருந்தார். மேற்படி நபர் மேல் நடவடிக்கை எடுக்கும்படி கேட்டிருந்தார். டைரக்டர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். மனுஷன் போகும்போதும் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிட்டுத்தான் போகிறார் என்றார். புகார் எழுத்தில் வந்துவிட்டதால் ஒரு மெமோ கொடுக்காமல் முடியாது, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

கடிதத்தைக் காட்டச் சொன்னேன். அரை மனசோடு என் பக்கம் திருப்பி வைத்தார். சிடுசிடுவென்று நெருக்கமான எழுத்து, வரி ஒவ்வொன்றும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. கீழே கையெழுத்துக்கு மேலே கடைசிக் குற்றம் இருந்தது. டைரக்டர் எனக்குப் படித்துக் காட்டியபோது அதை மட்டும் விட்டிருந்தார்.

'நோயாளியின் வலது இமை ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதாக, யாரும் கேட்காமலே கூறினார். அளந்து பார்க்கப்பட்டது. அவர் கூறியது சரி.'

இரண்டு தடவை படித்தேன். குற்றங்களை ஒத்துக்கொள்கிறீர்களா என்று டைரக்டர் கேட்டார். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.